நாற்பத்தொன்றாம் கம்பம்

போர்வெனீரில் காற்று நின்றுபோனால்
நாய்கள்தான் முதலில் கலங்கும்.
அப்படி ஒரு நாளில்
டாங்கா குசானிச் பண்ணை வேலிக்கு வந்தாள்,
மழுங்கிய கத்தி, காகித உறைகள்,
கழுத்தில் தொங்கும் பென்சில்.

வேலி பதினொரு கிலோமீட்டர். லெங்கா மரக் கம்பங்கள்.
காற்றைப் பார்த்து நிற்கும் பக்கமெல்லாம்
ஆரஞ்சு நிறப் பொருக்கு,
அம்மியில் காய்ந்துபோன மஞ்சள் விழுது மாதிரி.

அதற்கு நூல்கள் வைத்த பெயர் பூஞ்சையுடையது.
தமிழில் நாம் கற்பாசி என்கிறோம்:
கல் இருக்கிறது, பாசி இருக்கிறது,
பூஞ்சையைக் காணோம்.
ஆளுக்கொருவரை வாசலில் நிறுத்திவிட்டுத்தான்
கூப்பிடுகிறோம் வீட்டை.

உள்ளே நடப்பது இவ்வளவே:
பச்சை உருண்டை ஒன்று வெயிலைச் சமைக்கிறது.
இழைகள் சுற்றி நின்று சாப்பிடுகின்றன.
அன்பா, சிறையா என்று கேட்டவர்கள் உண்டு.
பதில் சொல்லவேண்டியது
ஒற்றைச் செல். வாய் கிடையாது.

பூஞ்சையின் வித்து தனியாகப் பறக்கும்.
சீர்வரிசை இல்லை, முகவரி இல்லை.
இறங்கிய இடத்தில் ஒத்துவரும் பாசி எதுவோ
அதோடு குடித்தனம்.
வேறு சில இனங்கள் தூளாய் உதிரும்போதே
பாசியையும் மடியில் கட்டிக்கொண்டு கிளம்பும்:
நம் பழைய சொல்லில், உடன்போக்கு.

ஆய்வுக்கூடம் ஜலசந்திக்கு அந்தப் பக்கம்.
படகில் வாந்தி எடுத்தவர்கள் நடுவே
உறைகளை வயிற்றோடு அணைத்துப் போனாள்.
மரபெழுத்து வரும் திரையில்
ஓர் எழுத்துக்கு ஒரு முகடு வரவேண்டும்.
நாற்பத்தொன்றாம் கம்பத்துக்கு
ஒன்றின் தோளில் இன்னொன்று.

அழுக்கு, என்றாள். கையுறை மாற்றினாள்.
மறுபடி அரைத்தாள்.
மறுபடியும் தோள்மேல் தோள்.
மூன்றாம் முறை தண்ணீரைக் குற்றம் சொன்னாள்.
நான்காம் முறை
சொல்ல யாரும் மிச்சமில்லை.

அப்புறம்தான் நினைவு வந்தது:
உறைபெட்டியின் அடித்தட்டில்
‘கெட்டது’ என்று தன் கையாலேயே எழுதி
இரண்டு வருடமாய் ஒதுக்கிவைத்த
நூற்றுப்பதினேழு குழாய்கள்.

இழை இழையாய்ப் பிரித்துப் படித்தாள்.
கட்டைவிரல் அகலப் பொருக்கில்
மூன்று பாசிகள்.
நடுவில் ஒன்று அதிகம், விளிம்பில் வேறொன்று.
மூன்றாவது எண்ணிக்கையில் சொற்பம்,
பெயரும் இல்லை;
பருவம் மாறட்டும் என்று
மூலையில் உட்கார்ந்திருப்பது போல.

திரும்பி வந்தபோது கம்பம் இல்லை.
நாற்பதுக்கும் நாற்பத்திரண்டுக்கும் இடையில்
கட்டின பல் போல வெள்ளையாய் ஒரு புதுசு.
எலியேசர் நாவெல்கின்,
கம்பளி கத்தரிக்க சீலோவேயிலிருந்து வந்து
வேலிக்காரனாய்த் தங்கிவிட்டவன், சொன்னான்:
“அடி மக்கிப்போச்சு. பாதி அடுப்புக்குப் போச்சு.
மீதி அதோ, விறகுல கிடக்கும்.”

அவள் மண்டியிட்டுத் துழாவினாள்.
“ஆரஞ்சுதானே வேணும்?
வேலி முழுக்க இருக்கே. எல்லாம் ஒண்ணுதானே?”
“நானும் அப்படித்தான் நெனச்சேன்,”
என்றாள் விறகுக்குள்ளிருந்து.

கிடைத்தது ஒரு சாண் துண்டு.
ஒரு முனை கரி, அடுப்புவரை போய்
ஏனோ திரும்பியது.
மறுமுனையில் நான்கு விரல் அகலத்துக்கு ஆரஞ்சு.
எலியேசர் தொப்பியைக் கழற்றி
அதன்மேல் கவிழ்த்தான், கேட்காமலே.

வண்டியின் முகப்பில் படிவத்தை விரித்தாள்.
‘பாசி’ என்ற கட்டம்
ஒரு பெயருக்குத்தான் கோடு போட்டிருக்கிறது.
முதல் பெயர் அடங்கியது.
இரண்டாவது ஓரத்துக்கு வழிந்தது.
மூன்றாவதற்குத் தாளைத் திருப்பி
ஒரு கேள்விக்குறி.

அப்போது காற்று வந்தது.
தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டாள்.
நாய்கள் ஒவ்வொன்றாய்ப் படுத்தன.